புல்லட் கார்புரேட்டர் ஜெட்: அளவு கெடாம சுத்தம் பண்றது எப்படி

சோக் போட்டா ஓடுது, சோக்கை எடுத்தா நின்னுடுது. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிச்சா போகுது, சிக்னல்ல கையை விட்டா அணைஞ்சுடுது. பழைய புல்லட் வெச்சிருக்கறவங்க என் பட்டறை வாசல்ல வந்து சொல்ற கம்ப்ளெயின்ட்ல பெரும்பாலும் இதுதான். உடனே யாராவது புது கார்புரேட்டர் மாத்தச் சொல்வாங்க, இல்லேன்னா பெரிய ஜெட் போடச் சொல்வாங்க. ரெண்டும் தேவையில்லை. ஆக்சிலேட்டரை விட்டு வண்டி நிக்கறப்போ (ஐடிலிங்) பெட்ரோல் விடற குட்டிப் பித்தளைத் துண்டு, அதாவது ஸ்லோ ஜெட், அடைச்சிருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுலயே முடிச்சுடலாம்.

நான் திருவொற்றியூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கேன். 1956-லேருந்து புல்லட் தயாரான ஊர் இது. என் வண்டி 1991 மாடல் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால்ல கியர். கார்புரேட்டர் மிக்கார்ப் வி.எம்.24. ஜப்பான் மிக்குனியோட டிசைன், 24-ங்கறது காத்து போற உள்வாயோட மில்லிமீட்டர் அளவு. கீழே சொல்றதெல்லாம் அதை வெச்சுத்தான். இதே குடும்பத்துக் கார்புரேட்டர் போட்ட மத்த பழைய வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும், ஜெட் நம்பர் மட்டும் மாறும்.

லேத்துக்காரனா ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். ஜெட்டுங்கறது அளவெடுத்துப் போட்ட ஓட்டை. அந்தப் பித்தளைத் துண்டுல விலை போற விஷயம் அந்த ஓட்டை மட்டும்தான். 0.9 மில்லிமீட்டர் ஓட்டையை 1.0 ஆக்கிட்டா, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா பரப்பளவு 23 சதவீதம் ஏறிடும், அந்த அளவுக்குப் பெட்ரோலும் கூடும். அதனாலதான் பின்னூசி, ஸ்டீல் கம்பி, கம்பி பிரஷ்ஷோட முள் எதையும் ஜெட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு தலையால அடிச்சுக்கறேன். புதுப்பேட்டையில பழசா வாங்கின ஒரு கார்புரேட்டரைப் பிரிச்சுப் பார்த்தப்போ, மெயின் ஜெட்ல யாரோ கையால டிரில் விட்டிருந்தாங்க. லென்ஸ் வெச்சுப் பார்த்தா ஓட்டை வட்டமாவே இல்லை, ஓரமெல்லாம் பிசிர். மேலே பொறிச்ச நம்பர் மட்டும் பத்திரமா 90-ன்னே இருந்துச்சு. அடுத்து வாங்கறவன் அந்த நம்பரை நம்பி மாசக்கணக்குல அலைவான்.

கழட்டறதுக்கு முன்னாடி

பட்டறைகள்ல சொல்ற பேச்சு ஒண்ணு உண்டு: பாதி கார்புரேட்டர் கம்ப்ளெயின்ட் கரன்ட் கம்ப்ளெயின்ட்தான். உண்மை. பிளக்கைக் கழட்டிப் பாருங்க. கரன்ட்டைத் துண்டிச்சு ஸ்பார்க் வரவைக்கற பிளாட்டினம் பாயின்ட் கருகியிருக்கா, அதோட கேப் 0.35-லேருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கான்னு ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. கரன்ட் நீலமா, சத்தமா அடிச்சாத்தான் கார்புரேட்டர் பக்கம் வரணும்.

அடுத்து பெட்ரோல் டேப். ஹோஸைக் கார்புரேட்டர் முனையில உருவி ஒரு பாட்டில்ல விட்டு, டேப்பைத் திறங்க. தடையில்லாம ஒழுகணும். சொட்டுச் சொட்டா வந்தா டேப்புக்குள்ள இருக்கற சல்லடை அடைச்சிருக்கு. கொஞ்ச தூரம் நல்லா ஓடி, அப்புறம் மூச்சு முட்டி நின்னு, டேங்க் மூடியைத் திறந்து மூடினதும் மறுபடி ஓடினா, மூடியில இருக்கற காத்து ஓட்டைதான் அடைப்பு. இதுக்கெல்லாம் ஜெட்டைத் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் சரியா இருந்தா, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்தப்போ வண்டி மக்கர் பண்ணுதுன்னு கவனிங்க. ஐடிலிங்லேருந்து எட்டுல ஒரு பங்கு திறக்கற வரைக்கும் ஸ்லோ ஜெட் ராஜ்யம். கால் பங்குலேருந்து முக்கால் பங்கு வரைக்கும் நீடிலும் (ஆக்சிலேட்டரோட ஏறி இறங்கற ஊசி) அது நுழையற நீடில் ஜெட்டும். அதுக்கு மேல முழுசா திறக்கற வரைக்கும் மெயின் ஜெட். நடுவுல எட்டுல ஒண்ணுலேருந்து கால் வரைக்கும் ஸ்லைடோட (ஆக்சிலேட்டரை முறுக்கினா ஏறி, காத்து வழியைத் திறக்கற உருளை) அடியில சாய்வா வெட்டியிருக்கற அளவு பேசும். கைப்பிடியில ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, பேனாவால கோடு போட்டுக்கிட்டு ஓட்டிப் பார்த்தா எந்த இடத்துல தடுமாறுதுன்னு சந்தேகமில்லாமத் தெரியும். மெயின் ஜெட் அடைக்கறது அபூர்வம், அதோட ஓட்டை பெருசு. ஸ்லோ ஜெட் ஓட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சாத்தான் ஒரு புள்ளியா தெரியும். வண்டி ரெண்டு மாசம் சும்மா நின்னா, பெட்ரோல் ஆவியாகி மிச்சமாகற பிசின் அந்தப் புள்ளியை மூடிடும்.

இப்போ இந்தத் தொல்லை கூடியிருக்கு. 2023 பிப்ரவரியிலேருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குக்கு வர ஆரம்பிச்சுது. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். கடலோரத்துல இருக்கற எங்களுக்குக் கேக்கவே வேண்டாம். மழைக்காலம் முடிஞ்சு, கார்புரேட்டருக்கு அடியில பெட்ரோல் தேங்கற கிண்ணத்தைக் கழட்டினா, அடியில வெள்ளையா உப்புப் பூத்த மாதிரிப் படிவு. பழைய ரப்பர் ஹோஸும் ஓரிங்கும் ஊதி, வழவழன்னு ஆயிடும். அந்த ரப்பர் உதிர்ந்து வர்ற தூளும் ஜெட்டைத்தான் தேடிப் போகும். ஹோஸை மாத்தும்போது எத்தனால் தாங்கற ரகமான்னு கேட்டு வாங்குங்க. ஓரிங்ல 'விட்டான்' (Viton) ரகம்னு கேட்டா கடைக்காரருக்குத் தெரியும்.

என்ன வேணும்

பிளேட் ஸ்குரூ டிரைவர் ரெண்டு அகலத்துல, நல்ல ஸ்டார் டிரைவர் ஒண்ணு, நோஸ் பிளேயர், கார்ப் கிளீனர் ஸ்ப்ரே, பழைய டூத் பிரஷ், பனியன் வேஸ்ட், கண்ணுக்குக் கண்ணாடி. கிண்ணத்துக்குப் புது கேஸ்கட் ஒண்ணு முன்கூட்டியே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுலயோ உங்க ஊர் ஸ்பேர்ஸ் கடையிலயோ வாங்கி வெச்சுக்குங்க. கழட்டின சாமானைப் போட நான் பழைய பணியாரக் கல் வெச்சிருக்கேன். கழட்டற வரிசையில ஒரு குழிக்கு ஒரு சாமான், அதே வரிசையைத் திருப்பிப் போட்டா மாட்டறது முடிஞ்சுது.

ஸ்டார் டிரைவரைப் பத்தி ஒரு வார்த்தை. ஜப்பான் டிசைன் கார்புரேட்டர் ஸ்குரூவோட பள்ளம் சாதா ஸ்டார்லேருந்து கொஞ்சம் வேற. முனை கூர்மையான டிரைவர் அடி வரைக்கும் உட்காராம வழுக்கி, தலையை மழுக்கிடும். முனையை எமரியில லேசா தட்டையாக்கினா நல்லா உட்காரும். இறுகிப்போயிருந்தா, டிரைவரை வெச்சுத் தலையில ஒரு தட்டு தட்டிட்டுத் திருப்புங்க.

வாசல்ல, காத்தாட உட்கார்ந்து செய்யுங்க. சமையலறை அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்துல எரியக்கூடாது. இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும்.

கழட்டறது

டேப்பை மூடி, ஹோஸை உருவுங்க. மேல் மூடியைத் திருகினா, ஆக்சிலேட்டர் கேபிளோட ஸ்லைடும் நீடிலும் சேர்ந்து மேலே வரும். அதைத் துணியில சுத்தி ஹேண்டில் பாரோட கட்டி வெச்சிடுங்க. தொங்கவிட்டா நீடில் வளையும். ஏர் ஃபில்டர் ஹோஸோட கிளாம்பையும் இன்ஜின் பக்கத்துக் கிளாம்பையும் தளர்த்தி, கார்புரேட்டரை ஆட்டி ஆட்டி வெளியே எடுங்க. சில வண்டியில இன்ஜின் பக்கம் ரெண்டு நட்டு இருக்கும். எடுத்ததும் இன்டேக் வாயில சுத்தமான துணியை அடைச்சிடுங்க, ஒரு வாஷர் உள்ளே விழுந்தா ஹெட்டைத்தான் கழட்டணும்.

பாடியோட பக்கத்துல ரெண்டு ஸ்குரூ இருக்கும். எதைத் திருகினா ஸ்லைடு ஏறி இறங்குமோ அது ஐடிலிங் ஸ்குரூ. இன்னொண்ணு, சின்னது, ஏர் ஸ்குரூ. ஏர் ஸ்குரூவை வெளியே எடுக்கறதுக்கு முன்னாடி, உள்பக்கமா மெதுவா திருகி, எத்தனை சுத்துல லேசா முட்டுதுன்னு எண்ணிச் சுவத்துலயோ கையிலயோ எழுதிக்குங்க. இறுக்கினா கூம்பு முனை பள்ளம் விழுந்துடும். அப்புறம் எடுங்க. ஸ்பிரிங் கூடவே வரும், அதுக்கடியில வாஷரோ ஓரிங்கோ இருந்தா குழிக்குள்ளேயே ஒட்டிக்கிட்டிருக்கும், பாருங்க.

இப்போ கவிழ்த்து, கிண்ணத்தோட ஸ்குரூவைக் கழட்டுங்க. உள்ளே இருக்கற பெட்ரோலைக் கீழே கொட்டாதீங்க. கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வெளிச்சத்துல பாருங்க. அடியில தண்ணி முத்து உருண்டா டேங்குல ஈரம். செம்மண் நிறத்துல தூள் இருந்தா டேங்குல துரு. அந்த டம்ளர் சொல்றது அடுத்து எங்கே போகணும்னு காட்டும்.

பெட்ரோல்ல மிதக்கற ஃப்ளோட்டைத் தாங்கற பின்னை ஒரு பக்கமா தள்ளி எடுக்கணும். பின் உட்கார்ற ரெண்டு தூணும் கண்ணாடிப் பதத்துல உடையும், அதனால சுத்தியல் வேண்டாம். எதிர்ப் பக்கத்துத் தூணை விரலால தாங்கிக்கிட்டு, மெல்லிசான ஆணியால தள்ளுங்க. ஃப்ளோட் வரும்போது கூடவே, பெட்ரோல் வர்ற வாயை மூடற நீடில் வால்வும் விழும். ஃப்ளோட்டைக் காதுகிட்ட குலுக்கிப் பாருங்க. உள்ளே சலசலன்னா ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கு, மாத்தணும்.

நடுவுல இருக்கறது மெயின் ஜெட். அதுக்குப் பக்கத்துல, குழிக்குள்ள ஆழமா இருக்கறது ஸ்லோ ஜெட். இந்த வேலையில கைநிதானம் வேண்டிய இடம் இதுதான். டிரைவரோட பிளேடு ஜெட்டோட வெட்டுல அகலம் முழுக்க, ஆட்டமில்லாம உட்காரணும். நான் இதுக்குன்னே ஒரு பழைய டிரைவரைக் கிரைண்டர்ல பிடிச்சு, குழிச் சுவத்துல இடிக்காம ரெண்டு பக்கமும் குறைச்சு வெச்சிருக்கேன். கீழே அழுத்திக்கிட்டே திருப்பணும். முதல் கால் திருப்புல 'டக்'னு ஒரு சின்ன விடுபடல் கையில தெரியும், அப்புறம் சுலபம். அசையலைன்னா முறுக்காதீங்க, பித்தளை மெதுவானது, வெட்டு கிழிஞ்சுடும். துரு இளக்கற எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வையுங்க. காலையில பாடியை வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டு, சூட்டோட முயற்சி பண்ணுங்க.

மெயின் ஜெட்டைக் கழட்டினதும், நீடில் ஜெட்டை அடியிலேருந்து மரக்குச்சியால மேலே தள்ளினா உள்வாய் வழியா வந்துடும். அது சரியான திசையில உட்கார ஒரு சின்னப் பின்னும் அதுக்கேத்த வெட்டும் இருக்கும். எப்படி இருந்துச்சுன்னு போன்ல ஒரு படம் எடுத்துக்குங்க.

சுத்தம்

வெறும் பெட்ரோல்ல கழுவினா எண்ணெய் அழுக்கு போகும், காய்ஞ்ச பிசின் போகாது. ரப்பர், ஃப்ளோட் எல்லாத்தையும் தனியா வெச்சுட்டு, ஜெட்டுகளைக் கார்ப் கிளீனர்ல ஊற வையுங்க. எலுமிச்சைச் சாறுல போட்டா பளபளன்னு ஆகும்னு சொல்றவங்க உண்டு. எனக்கு உடன்பாடில்லை. புளிப்பு அழுக்கோட நிக்காது, உலோகத்தையும் சேர்த்து அரிக்கும், அளவு ஓட்டைக்குள்ள அது வேண்டாத வேலை.

ஊறினதும் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. முழு வட்டமா, ஓரம் தெளிவா வெளிச்சம் வரணும். பிறை மாதிரி வந்தா இன்னும் பாதி அடைப்பு இருக்கு. அப்போ எலக்ட்ரிக் வயரோட தோலை உரிச்சு, உள்ளே இருக்கற செம்பு இழையில ஒண்ணே ஒண்ணை எடுங்க. செம்பு பித்தளையை விட மெது, அதனால ஓட்டையைக் கீறாது. முறுக்காம, நேரா விட்டு நேரா எடுங்க. ஸ்லோ ஜெட்டோட உடம்புலயும் பக்கவாட்டுல குட்டிக் குட்டி ஓட்டைங்க இருக்கும். பெட்ரோலோட காத்தைக் கலக்கறது அதுங்கதான். நடு ஓட்டையை மட்டும் பார்த்துட்டு இதை விட்டுடறாங்க, அப்புறம் சுத்தம் பண்ணியும் சரியாகலைன்னு திரும்பி வர்றாங்க. அதுக்கும் மசியாத அடைப்புன்னா நகைக் கடையிலயோ மூக்குக்கண்ணாடிக் கடையிலயோ அல்ட்ராசோனிக் தொட்டி வெச்சிருப்பாங்க, தெரிஞ்சவங்க இருந்தா ஜெட்டை மட்டும் கொடுத்து அதுல போட்டு எடுக்கலாம்.

ஜெட் சுத்தமானா வேலை பாதிதான் முடிஞ்சுது. மிச்சப் பாதி பாடிக்குள்ள ஓடற வழி. கண்ணாடியைப் போட்டுக்குங்க. ஸ்லோ ஜெட் இருந்த குழிக்குள்ள ஸ்ப்ரேயோட குழாயை வெச்சு அடிங்க. ஏர் ஸ்குரூ இருந்த ஓட்டை வழியா பீச்சணும். அதை விரலால மூடிட்டு மறுபடி அடிங்க. இப்போ உள்வாயோட தரையில, ஸ்லைடு உட்கார்ற இடத்தை ஒட்டி இன்ஜின் பக்கமா இருக்கற குட்டி ஓட்டைங்கள்லேருந்து மெல்லிசா நூல் மாதிரிப் பீச்சி அடிக்கும். அந்த நூல் நேரா, பலமா வந்தா வழி திறந்துடுச்சு. ஒழுகிக்கிட்டு வந்தா இன்னும் அடைப்பு. கிளீனர் ஊத்திக் கால் மணி நேரம் விட்டு, பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல காத்தடிச்சுட்டு வாங்க. நான் இதை ஒரு தடவையோட விடறதில்லை, நூல் நேரா வர்ற வரைக்கும் மாட்ட மாட்டேன்.

கிண்ணத்தைச் சும்மா துடைச்சு வெச்சுடாதீங்க. அதுல ஒரு ஓரமா ஆழமான கிணறு ஒண்ணு இருக்கும், அடியில ஒரு நுண்ணிய ஓட்டை. சோக்குக்குப் பெட்ரோல் போற வழி அது. மார்கழிக் காலையில கிக்கரை உதைச்சு உதைச்சுக் கால் ஓய்ஞ்சு போறவங்க முதல்ல இந்த ஓட்டையைப் பாருங்க.

நீடிலை விரலால உருட்டிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேய்ஞ்சிருந்தா, அது உரசற நீடில் ஜெட்டோட வாயும் முட்டை வடிவமா தேய்ஞ்சிருக்கும். எவ்வளவு சுத்தம் பண்ணாலும் நடு வேகத்துல பெட்ரோல் குடிக்கும். ரெண்டையும் ஜோடியா மாத்தணும், ஒண்ணை மட்டும் மாத்தறது வீண்.

மாட்டறது

ஜெட்டை முதல்ல கையாலயே விட்டு, மரை ஒழுங்கா பிடிச்சதும் டிரைவரால முட்ட வெச்சு, அதுக்கு மேல ஒரு சின்ன அழுத்தம். போதும். என் வண்டியில மெயின் 90, ஸ்லோ 25. உங்களோடதுல வேற நம்பர் இருந்தா மேனுவலோட ஒப்பிடுங்க. சைலன்சரும் ஏர் ஃபில்டரும் கம்பெனி சாமானா இருந்தா ஜெட்டும் கம்பெனி அளவுல இருக்கட்டும்.

கவிழ்த்துப் பிடிச்சா, ஃப்ளோட்டோட கை பாடி விளிம்புக்கு இணையா இருக்கணும். தூக்கலா இருந்தா கிண்ணத்துல பெட்ரோல் மட்டம் குறையும், தாழ்ந்திருந்தா மட்டம் ஏறி ஓவர்ஃப்ளோ ஆகும். ஃப்ளோட் கையில வால்வைத் தொடற நாக்கை ஒரு மயிரிழை வளைச்சுச் சரிபண்ணலாம், ஆனா நீடில் வால்வை அழுத்திக்கிட்டு வளைக்காதீங்க. வால்வோட கூம்பு முனையில வளையம் விழுந்திருந்தா அதையும் மாத்திடுங்க.

ஏர் ஸ்குரூவை மெதுவா முட்டவிட்டு, எழுதி வெச்ச கணக்குக்குத் திருப்பி எடுங்க. எழுதலைன்னா ஒன்றரைச் சுத்து. நீடிலோட கிளிப் நடுக் காடியில. ஸ்லைடோட சாய்வா வெட்டின பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்கணும். திருப்பி மாட்டிட்டா வண்டி தலைதெறிக்க ஓடும், ஆக்சிலேட்டர் இறங்காது. அதனால இன்ஜினைத் தொடறதுக்கு முன்னாடி, கைப்பிடியை முறுக்கி விட்டா ஸ்லைடு 'டப்'னு அடி வரைக்கும் விழுதான்னு காதால கேளுங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பியும் கேளுங்க.

டேப்பைத் திறந்து அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க. எங்கேயும் கசியக்கூடாது. கசிவு இருந்தா கிக்கரைத் தொடாதீங்க.

டியூனிங்

குளிர்ந்த இன்ஜின்ல டியூன் பண்றது வீண். எண்ணூர் வரைக்கும் போயிட்டு வர்ற அளவுக்கு ஒரு சுத்து ஓட்டி, சூடாக்கிட்டு வாங்க. ஐடிலிங் ஸ்குரூவைக் கொஞ்சம் ஏத்தி வெச்சு, ஏர் ஸ்குரூவைக் கால் சுத்து கால் சுத்தா நகர்த்துங்க. ஒவ்வொரு தடவையும் இன்ஜின் தேறி வர சில நொடி கொடுங்க. உள்ளே போனா பெட்ரோல் கூடும், வெளியே வந்தா காத்து கூடும். பீட் வேகமாவும் ஒரே சீராவும் வர்ற இடம் ஒண்ணு இருக்கும். அங்கே நிறுத்தி, ஐடிலிங்கை இறக்கி, ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கற அளவுக்குக் கொண்டு வாங்க. மூணு சுத்துக்கு மேல வெளியே எடுத்தும் சரியாகலைன்னா ஸ்லோ ஜெட் அளவு பொருந்தலை. முழுக்க உள்ளே போயும் எந்த மாற்றமும் இல்லைன்னா வழி இன்னும் அடைச்சிருக்கு, இல்லே இன்டேக் ரப்பர் வெடிச்சுக் காத்து இழுக்குது. ஓடற வண்டியில அந்த ரப்பர் மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க. சத்தம் மாறினா அங்கேதான் கோளாறு.

கொஞ்ச நாள் ஓட்டிட்டு பிளக்கைக் கழட்டுங்க. முனை பழுப்பா இருந்தா சரியான கலவை. கரியா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்துப்போயிருந்தா குறைச்சல், அதை அப்படியே ஓட்டினா காஸ்ட் அயர்ன் பேரல் சூடாகிப் பிஸ்டன் பிடிக்கும்.

டம்ளர்ல செந்தூள் பார்த்தவங்க டேங்கைக் கழட்டித் துருவை எடுக்காம விட்டா, அடுத்த மாசமே மறுபடி கார்புரேட்டரைப் பிரிக்கணும். ஹோஸ் நடுவுல ஒரு இன்லைன் ஃபில்டர் போடலாம், ஆனா புல்லட்ல பெட்ரோல் தன் எடையால இறங்கறதுதானே, அதனால காகித ரகம் வேண்டாம், சல்லடை ரகம் வாங்குங்க. வண்டியை ஒரு வாரத்துக்கு மேல நிறுத்தறதா இருந்தா, வீட்டு வாசல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே டேப்பை மூடிடுங்க. கிண்ணத்துல இருக்கறது எரிஞ்சு முடிஞ்சு வண்டி தானா நிக்கட்டும். காய்ஞ்ச கிண்ணத்துல பிசின் பிடிக்காது.